ஞாயிறு பஸ்ஸில் ஏறச் சொன்னது நான்

“குனிடீ! சொவரோரமா வாடீ!”

என் மகள் எஸ்தர் கத்துகிறாள். என்னிடம் இல்லை. பக்கத்தில் இருக்கும் பூங்கொடியிடம். பிறகு எதுவோ பாய்ந்து வரும் சீழ்க்கை. நீளமாக. பிறகு தகரக் கூரையைப் பிடுங்கி எறிந்ததுபோல ஒரு சத்தம். வியாழக்கிழமை. காலை ஏழு பத்து. போன் என் கையில் இருக்கிறது. நான் கல்வராயன் மலைச் சாலையின் ஒரு திருப்பத்தில் நிற்கிறேன். நான் வேலை பார்க்கும் பள்ளியில் சிக்னல் கிடையாது. இங்கே மட்டும்தான். தொடர்பு அறுந்தது.

ஏழு நாற்பத்திரண்டுக்குத் திரும்பக் கிடைத்தது. இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

இருவரும் நர்சுகள். சண்டை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனவர்கள். எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்றாள் எஸ்தர். எழுதவில்லை. பூங்கொடி மலையில் என்னிடம் படித்தவள். நர்சிங் சேரச் சொன்னது நான். எஸ்தரோடு போ என்றதும் நான்.

பூங்கொடியின் அப்பா சடையன் சாமை விதைக்கிறவர். அன்று என் பக்கத்தில் நின்றார்.

“இன்னா சார் சத்தம்? வேட்டா?”

“குண்டுங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

“எங்க சாமி மலையத் தாண்டாது சார். உங்க சாமிதான் ஊரு ஊருக்கு இருக்குதே. எம் பொண்ணையும் சேத்துச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வெள்ளி. அவர்கள் பதுங்கியிருந்த நிலவறையில் தண்ணீர் தீர்ந்தது. சனி, மதியம் மூன்று மணி. எஸ்தர் பேசினாள். எல்லைக்கு இரண்டு பஸ். ஒன்று அன்று மாலை. ஒன்று ஞாயிறு விடியலில். “எதுல ஏறட்டும்பா? சீக்கிரம் சொல்லு. சார்ஜ் இல்ல.”

கள்ளக்குறிச்சியில் எங்கள் சபை சிறியது. ஞாயிறு பத்து மணிக்கு ஆராதனை. பயணம் புறப்படுவது, கடை திறப்பது, நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, எதையும் முடிந்தால் அந்த நேரத்துக்குத் தள்ளி வைப்போம். சபை மொத்தமும் முழங்காலில் இருக்கும் நேரம். இங்கே பத்து என்றால் அங்கே காலை ஆறரை. இரண்டாவது பஸ் புறப்படும் நேரம்.

“காலையில ஏறுங்கம்மா. சபையே ஜெபத்துல இருக்கும்” என்றேன்.

மாலை பஸ் பத்திரமாக எல்லையைக் கடந்தது. அதில் இடம் இருந்தது.

ஞாயிறு. பத்து நான்கு. போதகர் இருவர் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறார். சடையனும் வந்திருக்கிறார். எங்களைப் பார்த்துப் பார்த்து முழங்கால் போடுகிறார். பத்து பதினேழு. சட்டைப் பையில் போன் அதிர்கிறது. வெளியே ஓடுகிறேன். சைரன். எஸ்தரின் மூச்சு.

“பஸ்ஸ நிறுத்திட்டாங்கப்பா. எறங்கி ஓடிக்கினு இருக்கோம். பூங்கொடி! அந்தாண்ட போவாத! இங்க வா! இங்க!”

சீழ்க்கை இல்லை. ஒரே ஒரு வெடி. அவ்வளவுதான். உள்ளே பாடத் தொடங்கியிருந்தார்கள். நான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்கிறேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

எஸ்தர் மட்டும் பதினோராம் நாள் வீடு வந்தாள். “பிரதர், பெரிய அற்புதம். ஞாயித்துக்கிழம சாட்சி சொல்லுங்க” என்றார் போதகர். ஆபத்திலிருந்து விடுதலை பெற்றவர் சபை முன்னால் நின்று அதைச் சொல்வது எங்கள் வழக்கம். எழுந்து போனேன். மைக்கைப் பிடித்தேன். கர்த்தர் என் மகளைக் காப்பாற்றினார் என்று தொடங்க வேண்டும். எஸ்தரைப் பார்க்க வந்த சடையன் கடைசி வரிசையில் இருந்தார். மைக்கைத் திரும்ப வைத்தேன். இறங்கி வந்துவிட்டேன். அன்று சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியே வந்ததும் சடையனிடம் சொன்னேன். சனிக்கிழமை பஸ்ஸில் இடம் இருந்ததை. காத்திருக்கச் சொன்னது நான் என்பதை.

“இத ஏன் சார் எங்கிட்ட சொன்னீங்க? வெதின்னுட்டு இருந்தேனே.”

மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

இப்போதும் தினமும் முழங்காலில் நிற்கிறேன். எதையும் கேட்பதில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. நீர் இருக்கிறீர் என்று மட்டும் சொல்கிறேன். சில நாள் அதுவும் வருவதில்லை. எழுந்துவிடவும் முடியவில்லை.

அந்தச் சாலையில் இறந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேரின் பெயர் எனக்குத் தெரியாது. ஏழாவது பூங்கொடி. வயது இருபத்து நான்கு. உடல் ஊர் வரவில்லை. எஸ்தருக்கு வலது காது கேட்பதில்லை. சடையனுக்கு வேறு பிள்ளை இல்லை.