வாழைப்பூ மடலுக்குள் வைத்த ஊசி

இப்பேருந்து இருக்கையில் இத்தாளைக் கண்டெடுக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த இரு பெண்மணிகளின் பேச்சைக் கேட்டவாறே எழுதுகிறேன். மூத்தவர் திடீரெனக் கூறிய ஒரு வாக்கியமே என் செவியை ஈர்த்தது.

“ஊசிய வாழைப்பூ மடலுக்குள்ள சுத்தித்தான் போட்டேன்.”

“மக்குற குப்பையிலயா? ஏங்க்கா அப்புடி?”

“மக்காத குப்பைய அந்தக் குப்பை வண்டிப் புள்ள வாசல்லயே கொட்டிப் பிரிக்கிது. எதுத்த வீடு பூரா எட்டிப் பாக்குது. எம்மகளுக்குச் சுகரு, ஊசி போடுறான்னு தெரிஞ்சா, வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாரவங்க வருவாங்களா?”

“நல்ல ஆளுங்க்கா! வாழைப்பூவுல நரம்ப எடுத்துட்டு ஊசிய வச்சிருக்கீங்க!”

இளையவர் சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

“அது அந்தப் புள்ள கையில ஏறிருச்சுடி. இன்னைக்குக் குப்பை வண்டியில வேற ஆளு வந்து சொல்லுச்சு. எந்த வீட்டு ஊசி, என்ன நோயின்னு தெரியாம புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில உக்காந்திருக்காளாம். பயத்துல கைப்பிள்ளைக்குப் பாலே குடுக்க மாட்டேங்குறாளாம்.”

“ஆத்தாடி! எங்க வீட்டு ஊசிதான்னு சொன்னீங்களா?”

“வாயே வரல.”

நகரம் நெருங்குகையில் மூத்தவர் கைப்பேசியில் மகளை அழைத்தார்.

“ஒன் சுகர் சீட்ட எடுத்துக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு வா. ஒட்டுற நோயி எதுவும் இல்லன்னு தெரிய, ஒனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுவோம். ஆமாடி, தெருவுக்கே தெரியத்தான் போவுது. அந்தப் பச்சப்புள்ள பசியில கெடக்கு, நீ வா.”

இவ்வளவே நான் கேட்டது. இத்தாளைத் தங்களிடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.