நான் வண்டியைத் தொடவில்லை

இந்த நாற்காலி ஆடுகிறது. பின்னங்கால் ஒன்று குட்டை. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் சொருகினால் சரியாகிவிடும். இத்தனை போலீஸ்காரர்கள் வேலை பார்க்கிற இடம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு நாற்காலி என்றால் கண் முதலில் காலுக்குத்தான் போகும். என் மகள் வளர்ந்ததே நாற்காலியில்தான்.

நடந்ததை உள்ளபடி சொன்னால் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுவதாகச் சொன்னீர்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் எவன் சொன்னாலும் நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் எனக்கு வேறு வழி இல்லை. அவளை ஒரே பக்கமாகப் போட்டு வைத்தால் முதுகு புண்ணாகிவிடும். புரட்டிவிட வேண்டும். ஆஸ்பத்திரி நர்சுகள் அரிசி மூட்டையைப் புரட்டுகிற மாதிரி புரட்டுகிறார்கள். தோளுக்குக் கீழே கை கொடுத்து, மூச்சை விடச் சொல்லி, அப்புறம் திருப்ப வேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் சொல்கிறேன். எழுதுகிறவர் கூட்டிக் குறைத்து எழுத வேண்டாம். எழுதினதைப் படித்துப் பார்க்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை.

வெளியே பெஞ்சில் வண்டி மெக்கானிக்கை உட்காரவைத்திருக்கிறீர்கள். அவனை அனுப்பிவிடுங்கள். அவன் ஒழுங்காகத்தான் வேலை செய்தான். சொல்ல வேண்டியதையும் சொன்னான். என்னிடம் சொன்னான், அவ்வளவுதான்.

என் மகளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முப்பது தாண்டிவிட்டது, இருந்தாலும் பாப்பாதான். கால் இரண்டும் சின்ன வயதிலேயே போய்விட்டது. அவள் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு நான்தான் எல்லாம். குளிப்பாட்டுவது, தலை வாருவது, தூக்கி உட்காரவைப்பது, தள்ளிக்கொண்டு போவது. என் கையைப் பாருங்கள், இந்தக் காய்ப்பு எல்லாம் அவளைத் தள்ளித் தள்ளி வந்தது. நான் வாட்ச்மேனாக இருக்கிற ஆபீஸ் கட்டடத்திலேயே அவளுக்கு டெலிபோன் எடுக்கிற வேலை கிடைத்தது. காலையில் தள்ளிக்கொண்டு போவேன், சாயங்காலம் தள்ளிக்கொண்டு வருவேன். ஒரு குறையும் இல்லாமல் இருந்தோம்.

அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஒருநாள் சொன்னாள், “அப்பா, நீ பார்க்கிற பக்கம்தான் நான் போக முடியுது. ஒரு நாளாவது நான் பார்க்கிற பக்கம் நீ வரலாம்ல?” நான் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பேட்டரி வண்டி வந்தது, தள்ளாமலே ஓடுகிற சக்கர நாற்காலி. ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். புதுசு இல்லை, யாரோ உட்கார்ந்து செத்துப்போன வண்டி. கை வைக்கிற இடத்தில் ஒரு பெட்டி, பெட்டி மேல் ஒரு சின்னக் குச்சி. குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் வண்டி அந்தப் பக்கம் போகும். கையை எடுத்தால் நின்றுவிடும், பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை. அன்றைக்கு அவள் வராந்தாவில் இப்படியும் அப்படியும் ஓட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

கட்டட வாசல் மேட்டில் இருக்கிறது. வாசலில் என் காவல். அங்கிருந்து ஒரு நீளமான சரிவு கீழே கேட் வரைக்கும் இறங்கும். கேட்டுக்கு வெளியே நேராகப் பெரிய ரோடு. கேட்டில் நிற்கிறவனைத் தொப்பி என்று கூப்பிடுவோம். வழுக்கையை மறைக்க மழை வெயில் பார்க்காமல் தொப்பி போட்டிருப்பான். யாராவது இறங்கினால் நான் வாக்கி-டாக்கியில் சொல்வேன், அவன் திறப்பான். பட்டனை அமுக்கினால் நான் பேசலாம், விட்டால் அவன் பேசுவது கேட்கும்.

ஒரு சாயங்காலம் அவள் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தபடியே பட்டனை அமுக்கி, “திற” என்றேன். வண்டி சட்டென்று தானாகத் திரும்பிப் போய்ப் பூந்தொட்டியில் முட்டியது. பாப்பா சிரித்தாள். “அப்பா, உன் குரலுக்கு வண்டியே பயப்படுது.” தொப்பி கீழே இருந்து, “லைசென்ஸ் எடுத்தியா தாயி?” என்று கத்தினான்.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தான். பாப்பா உள்ளே வேலையாக இருந்தாள். அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

“பெரியவரே, இது பழைய பெட்டி. வாக்கி-டாக்கில பட்டனை அமுக்கிப் பேசும்போது அதுலேர்ந்து அலை வரும்ல, அது உள்ள பூந்துடுது. குச்சியை யாரோ சாய்ச்ச மாதிரி வண்டி நினைச்சுக்கும். சில நேரம் பிரேக்கே விட்டுடும். புதுப் பெட்டி சொல்லியிருக்கேன், வந்ததும் மாட்டிடலாம். அதுவரைக்கும் பக்கத்துல நின்னு பேசாதீங்க. யாராச்சும் பேசினா வண்டியை ஆஃப் பண்ணிடச் சொல்லி அக்காகிட்ட சொல்லிடுங்க. மறந்துடாதீங்க.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள். மறக்கவில்லை.

ஏனென்றால் அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஒரு சேதி சொன்னாள். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து தனியாக வீடு பார்த்துவிட்டார்களாம். வாசலில் படி இல்லாத வீடாம், குளியலறைக் கதவு அகலமாம்.

“உனக்கும் வயசாகுதுப்பா. எவ்வளவு நாள் என்னைத் தூக்குவே? இனிமே உனக்கு ஓய்வு.”

ஓய்வு என்றாள். பழைய செருப்பைக்கூட யாரும் அவ்வளவு மரியாதையாகக் கழற்றிப் போட்டதில்லை.

நான் சத்தம் போடவில்லை. அழவில்லை. எங்கள் வீட்டில் அவள் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் எழுந்து யாருக்குத் தலை வாருவது? ஒன்றும் தோன்றவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தேன். சின்னச் சின்னதாகத்தான். லிஃப்ட் முன்னால் ஒருதடவை. மேனேஜர் எதிரே வரும்போது ஒருதடவை. வண்டி அவர் காலில் ஏறிவிட்டது, அவள் முகம் செத்துப்போனது. பக்கத்து சீட்டுக்காரி கூடவே வரும்போது இரண்டு மூன்று தடவை. வாக்கி-டாக்கியைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பட்டனை அமுக்குவேன். வாட்ச்மேன் வாக்கி-டாக்கியில் பேசினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வண்டி ஆபத்து என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அதுதான் என் எண்ணம். ஆபத்துதானே? நான் பொய் சொல்லவில்லையே.

ஆனால் அவள் வண்டியைச் சந்தேகப்படவில்லை. தன் கையைச் சந்தேகப்பட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது கையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என் கைதான் என்னமோ பண்ணுதுப்பா. கால் மாதிரி இதுவும் போயிடுமோ? கை போயிட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?”

“நான் இருக்கேன்ல” என்றேன்.

என் தோளில் சாய்ந்து அழுதாள். தனி வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் அம்மா போன பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான். மறுபடியும் நானே ஊட்டிவிட்டேன்.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரிதான் கெடுத்தாள். ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கை நன்றாக இருக்கிறதாம். பாப்பா திரும்பி வந்தபோது பழைய வாய் வந்துவிட்டது.

“கையில ஒண்ணுமே இல்லையாம்ப்பா. வண்டிதான் கோளாறு. மெக்கானிக்குக்கு போன் பண்ணிட்டேன். புதுப் பெட்டி வந்துடுச்சாம், நாளைக்குப் புது வீட்டுக்கே வந்து மாட்டுறேன்னார். இது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு நேர்ல விவரமா கேட்கப்போறேன்.”

விவரமாகக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேனே என்பான்.

அன்றைக்குச் சாயங்காலமே கிளம்பினாள். மடியில் ஒரு பை. கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பக்கத்து சீட்டுக்காரி வேனோடு நின்றிருந்தாள். நான் வழக்கம் போலச் சரிவில் கூட நடந்தேன்.

“ஞாயித்துக்கிழமை வந்துடுப்பா. நான்தான் சமைக்கப்போறேன். உப்பு இல்லேன்னு மூஞ்சியைத் தூக்கக்கூடாது.”

பாதிச் சரிவில் பட்டனை அமுக்கினேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. அவள் கெட்டிக்காரி, சட்டென்று குச்சியிலிருந்து கையை எடுத்தாள். அந்த நேரம் என் விரலும் விட்டிருந்தது. பிரேக் பிடித்து நின்றுவிட்டது. வாக்கி-டாக்கியில் தொப்பி கேட்டான், “என்னண்ணே, பேச்சே வரல. திறக்கவா?”

பாப்பா குச்சியைப் பார்த்தாள். மடியில் இருந்த தன் கையைப் பார்த்தாள். அப்புறம், பெட்டியை ஒட்டினாற்போல் இருந்த என் கையைப் பார்த்தாள்.

“அப்பா” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சாகிற வரைக்கும் கிடையாது.

தொப்பி மறுபடி கேட்டான். கேட்டால் பதில் சொல்வது என் வேலை. பட்டனை அமுக்கி, “திற” என்றேன். பழக்கம். கேட் மூடியிருந்தால் வண்டி அதில் மோதி நின்றிருக்கும், கொஞ்சம் சிராய்ப்போடு போயிருக்கும் என்று உங்கள் ஆள் சொன்னார். வாஸ்தவம்தான். வண்டி நகர ஆரம்பித்த பிறகு விரலை எடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். அதுவும் வாஸ்தவம். நான் எடுக்கவில்லை. வண்டி கூடவே நடந்தேன், அப்புறம் கூடவே ஓடினேன், கை எட்டுகிற வரைக்கும். அமுக்கியபடிதான் ஓடினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ரோட்டைப் பார்க்கவில்லை. லாரிக்காரன் மேல் தப்பில்லை. அவனால் முடிந்த மட்டும் பிரேக் போட்டான்.

நடந்தது இதுதான். வண்டியை நான் தொடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தில் அடி, கை இரண்டும் இனிமேல் அசையாதாம். பேச்சும் வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரி நாள் பூராவும் வந்து உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் எத்தனை நாள் வருவாள்? சொந்த வேலை இருக்காதா? வீட்டில் பழைய தள்ளுவண்டி இருக்கிறது. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

பொழுது சாய்கிறது ஐயா. சீக்கிரம் கைநாட்டு வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிடுங்கள். நான் கட்டில் பக்கம் போனதும் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். அப்பா வந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது.