இரண்டு கரண்டி மைதா

பேன்டை இடுப்பில் பிடித்துத் தைப்பது, பார்ப்பவர்கள் நினைப்பதைவிட எளிது. முப்பது வருடமாகத் துணி திருத்துகிறேன். என் தம்பிக்கு மட்டும் மூன்று மாதத்தில் மூன்று முறை பிடித்துக் கொடுத்தேன் என்றால், அவன் எப்படி இளைத்திருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தொரு வயதில் அவனுக்குச் சர்க்கரை நோய் என்றார்கள். ஒரு சின்ன மாத்திரையும் ஒழுங்கான சாப்பாடும் போதும் என்றார் டாக்டர். தனியாக இருந்தவன் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, வளர்த்தவள் நான். காலையில் முட்டை, மதியம் கீரையும் பயறும், மாலையில் காய்கறி சூப். எதிரே உட்கார்ந்து வாயடித்துக்கொண்டே சாப்பிடுவான். அந்த மூன்று மாதம்போல் நான் என்றுமே சந்தோஷமாக இருந்ததில்லை.

சர்க்கரை இறங்கியது. கூடவே, மருத்துவமனையில் நடந்த உணவு வகுப்பில் ஒருத்தி பழக்கமானாள். டப்பா நிறைய முள்ளங்கித் துண்டுகளோடு திரிவாள். அவளுக்கு முள்ளங்கி என்றே பெயர் வைத்தேன். அவனும் சிரித்தான்.

“அடுத்த மாசம் அவங்களோட போயிடலாம்னு இருக்கேன்க்கா. இனிமே உனக்கு எதுக்குச் சிரமம்?”

சிரமமாம்.

அன்று மாலை சூப்பில் இரண்டு கரண்டி மைதா கரைத்தேன். பிறகு நான்கு. மாவு நாக்கில் இனிக்காது. உள்ளே போய்த்தான் சர்க்கரையாகும். “சூப்பு இப்பல்லாம் நல்லா கெட்டியா இருக்குக்கா” என்று வழித்துக் குடித்தான்.

அடுத்த பரிசோதனையில் அளவு எகிறியிருந்தது. “யாருக்கும் தெரியாம என்ன சாப்பிட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார். அவன் வெகுநேரம் யோசித்து, வேலையிடத்தில் யாரோ கொடுத்த அரை பிஸ்கட்டை ஒப்புக்கொண்டான். நான் கைப்பையை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரையைக் கூட்டினார்கள்.

வெளியே வந்ததும், “உன் உழைப்பையெல்லாம் பாழாக்கிட்டேன்க்கா, மன்னிச்சிரு” என்றான். மடங்கியிருந்த அவன் சட்டைக் காலரை நேராக்கிவிட்டேன். போவதைத் தள்ளிப்போட்டான் அல்லவா? நான் மைதாவை நிறுத்தவில்லை.

மறு பரிசோதனைக்கு முந்தைய நாள், தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தேன். இந்த முறையாவது அளவு இறங்கட்டும் என்று அவன் காலையிலிருந்து எதையும் தொடவில்லை. ஊற்றி வைத்த சூப் ஏடு கட்டிக் கிடந்தது. கூட்டிய மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறான். வெறும் வயிற்றில் அது சர்க்கரையை அடியோடு இறக்கிவிடும். நான் வந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தான். ஆம்புலன்ஸில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை, இருபத்திரண்டு. மருத்துவமனை போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

போலீஸ் அறிக்கையில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. அதை அடித்துவிடுங்கள். கொன்றது நான்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவளோடு அனுப்பியிருந்தால், என்னைப்போல் அவனை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?