வாடியதும் மொட்டும்

அக்கா, டே லில்லி வளர்க்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. சாயங்காலம் சுருங்கியதைக் கிள்ளிப் போட்டால் போதும், மறுநாள் பக்கத்து மொட்டு விரியும். ஒரே தொல்லை, சுருங்கிய பூவும் மொட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தொட்டுப் பார்க்க வேண்டும். வாடியது கொழகொழவென்று இருக்கும், மொட்டு விறைப்பாக இருக்கும்.

போன ஞாயிறு நான் மூன்று மொட்டைக் கிள்ளிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்த வித்தியாசமே தெரியல. நீ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? பள்ளிக்கூடம் போதும். சித்தி கடைல ஆள் வேணுமாம், போய் நில்லு."

"விளையாட்டுக்குத்தானே சொல்றீங்க?"

"உன்கிட்ட நான் என்னைக்கு விளையாடியிருக்கேன்?"

அது உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் டியூஷனுக்குப் போனதாகத்தான் உன்னிடமும் சொன்னேன். போகவில்லை. தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் தரைக்கடித் தொட்டிக்குள் இறங்கி அப்பா பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். ஏறி வர முடியாவிட்டால் காது கொடுத்துக் கேட்பார் இல்லையா? பள்ளிக்கூடத்தைப் பற்றி நிதானமாகத்தான் பேசினேன்.

"ஏணியப் போடுடி, கழுதை" என்றார்.

நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. தினமும் வருவதுதான். குழாயை அடைக்க மறந்தது அவர். நீச்சல் தெரியாததும் அவருக்குத்தான். நான் மூடியை மூடிவிட்டுப் பூக்கிள்ள உட்கார்ந்தேன். சாயங்கால வேலையைப் பாதியில் விடக் கூடாது என்பார். உள்ளே தட்டுவது நின்றபோது கடைசிச் செடிக்கு வந்திருந்தேன். பிறகு மூடியைத் திறந்து ஏணியை இறக்கி வைத்தேன். வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஊரே சொன்னது.

மறுநாள் ஒரு பூகூட விரியவில்லை. தொட்டுப் பார்க்காமலே எல்லாவற்றையும் கிள்ளியிருக்கிறேன். அம்மா குப்பை வாளியைக் கிளறி, ஒவ்வொரு மொட்டாக அமுக்கிப் பார்த்தாள்.

"உங்கப்பா மொட்டக் கிள்ள மாட்டாரே" என்றாள்.

நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறாள். உன்னையும் கூப்பிடுவாள். அதனால்தான் முந்திக்கொண்டு சொல்கிறேன்.

ஏணியை எடுத்தது தப்புதான். மூடியை மட்டும் வேறு மாதிரி நினைத்துவிடாதே, அக்கா. பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே விழுந்து வைத்தால் பாவம் இல்லையா.