ஒல்லாந்து நாவலும் நுவரெலியா கிளினிக்கும்

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மூன்று பேர். ஜன்னலோரம் அம்மா, இந்தப் பக்கம் மடியில் ஒல்லாந்து நாவலோடு கம்பஸில் படிக்கும் மகள், நடுவில் மகளின் சித்தி. மாதா மாதம் சித்தியை மனநோய் கிளினிக்குக் கூட்டிப்போகிற பயணம் அது.

"நம்ம தோட்டத்து லயத்துல இல்லாத பைத்தியமா, நீ ஒல்லாந்துக்குப் போயி தேடுற?" என்ற அம்மா, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இது கம்பஸ் பாடம், அம்மா. நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி அங்க எழுதுன நாவலுங்க. பைத்தியக்காரியப் பத்தி புருஷன் பேசுறான், டொக்டர் பேசுறாரு, பாதிரியும் பேசுறாரு. அவ மட்டும் பேசவே மாட்டா."

"அவ என்னத்தடி பேசுவா?" அம்மா கொட்டாவி விட்டார். "இன்னைக்கும் டொக்டர்கிட்ட இவ நல்லாருக்கான்னு சொல்லிர்றேன். அதே மாத்திரையத் தரட்டும்."

"வேணாம்," என்றார் சித்தி. "அதப் போட்டா கை நடுங்குது. கொழுந்து பறிக்க முடியல. இப்பிடியே போனா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க."

"இத ஏன்டி இத்தன மாசமா சொல்லல?"

"நீதான் டொக்டர்கிட்ட சிங்களத்துல மளமளன்னு பேசிக்கிட்டே இருந்தியே அக்கா. நான் எங்க வாயத் தொறக்குறது?"

பஸ் நானுஓயாவைத் தாண்டியது. அம்மா களைத்த குரலில் சொன்னார்: "உள்ள போனதும் நீயே சொல்லு. நான் அத சிங்களத்துல மாத்திச் சொல்ல மட்டுந்தான்."