மூன்று கப்பல்களில் ஒரே சாவு

காப்பிக்கடை நடத்துகிறவன் நல்ல காப்பி போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நியூபோர்ட்டில் என் கடைக்கு யாரும் காப்பிக்காக வந்ததில்லை. நீதிபதி ஐயா, நீங்களே குடித்திருக்கிறீர்கள். எல்லாரும் கடிதத்துக்காக வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பல் வந்ததும் கேப்டன் நேரே வந்து பையை என் மேசையில் கவிழ்ப்பார். போகிற கடிதங்களுக்கான பை கதவருகே ஆணியில் தொங்கும். இரண்டு பைகளுக்கும் நடுவில் நான். என் பேருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. ஊருக்கெல்லாம் விருந்து பரிமாறிவிட்டு வெறும் வயிற்றோடு படுக்கிறவன் மாதிரி.

கெதூராவின் கணவர் கமாலியேல் மெழுகுவர்த்தி வியாபாரி. என் கடைக்கு எதிரே சரக்கு இறக்கும் பலகைத் துறை அவருடையது. இங்கிலாந்தோடு போர் மூண்டதற்கு முந்தின வருஷம் சரக்கோடு அங்கே பிரிஸ்டலுக்குப் போனார். அன்றிலிருந்து தினமும் காலையில் சந்தை மணி அடித்ததும் கெதூரா என் கடை வாசலில் நிற்பாள்.

“என்ன ஒபதியாரே, எங்க வீட்டுக்காரர் கையெழுத்து எங்கயாவது தட்டுப்படுதா? இல்ல, அதையும் காப்பித்தூள்னு கொதிக்க வச்சுட்டீங்களா?”

“இன்னைக்கு இல்லம்மா. கொதிக்க வச்சிருந்தா காப்பி கொஞ்சம் ருசியாவாவது இருந்திருக்கும்.”

சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு மறுநாள் காலைவரை ஓட்டிவிடுவேன்.

பிறகு கடிதம் வந்தது. அரக்கு முத்திரையைச் சூடான கத்தியால் நோகாமல் எடுத்தேன். “போர் வரும்போல் இருக்கிறது. வீடு பார்த்துவிட்டேன். வசந்தத்தின் முதல் கப்பலில் புறப்பட்டு வந்துவிடு.” ஒரே ஒரு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். கொடுத்தால் மறுநாள் அவள் வரமாட்டாளே. மறுநாளும் அதே நியாயம் பொருந்தியது. நியாயங்கள் அப்படித்தான், ஒன்று கிடைத்தால் நாள் முழுக்க உழைக்கும்.

கடலை நம்ப முடியாது என்று எங்கள் வியாபாரிகள் ஒரே கடிதத்தை மூன்று முறை எழுதி மூன்று கப்பல்களில் அனுப்புவார்கள். அவரும் அனுப்பியிருந்தார். அந்த வசந்தம் முழுக்க நான் பை பைகளாகத் துழாவி மற்ற இரண்டையும் பிடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பொறுப்பாக வேறு எந்த வேலையும் செய்ததில்லை. அவள் கதவருகே பையில் போட்ட கடிதங்களும் என்னிடமே தங்கின. ஒன்றில், “காப்பிக்கடைக்காரருக்கு மழையில் நனைந்த கோழியின் முகம், ஆனால் நல்ல மனசு” என்று எழுதியிருந்தாள். அதை எப்படி அனுப்புவேன்?

அவரோ விடாமல் எழுதினார். ஆகவே அவருக்கு நானே எழுத வேண்டியதாயிற்று. கெதூரா பெரியம்மையில் இறந்தாள் என்றும், நோய்க்காரர்களை வைக்கும் தீவிலேயே புதைத்துவிட்டார்கள் என்றும் எழுதினேன். வழக்கப்படி மூன்று பிரதி, மூன்று கப்பல். பெரியம்மை என்றால் ஊருக்குள் கல்லறை காட்டத் தேவையில்லை. அவருடைய பதிலைப் படித்து நான் அழுத அழுகை கொஞ்சமல்ல. அப்புறம் போர் வந்து வேறு யாருடைய கடிதமும் அவருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது. அவர் அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வார் என்று நம்பினேன். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்?

சமாதானம் ஆன பிறகு, ஜனவரியில் ஒரு காலை, பனிமூட்டத்துக்குள்ளிருந்து அவரே கடைக்குள் நுழைந்தார்.

“ஒபதியா! கிழடு தட்டிப்போச்சேய்யா உனக்கு.”

“காப்பி மட்டும் மாறலைங்க.”

குடித்தார். “ஆமாய்யா, மாறல” என்று சிரித்தார், அப்படியே அழுதார். “கடைசி வரைக்கும் அவ பக்கத்துல இருந்தேன்னு எழுதியிருந்த. அந்த ஒரு வரியிலதான் இத்தனை நாள் உசிரோட இருந்தேன்.”

“இருந்தேங்க” என்றேன். அது பொய்யில்லை.

“அங்க வேற யாரும் அமையலைங்களா?” என்று கேட்டேன்.

“அவளை மாதிரி என்னைக் கேலி பண்ண யாருய்யா இருக்கா? அவளை வச்ச இடத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்.”

சந்தை மணி அடிக்க அதிக நேரம் இல்லை.

“தீவுக்குப் படகுலதாங்க போகணும். உங்க துறையோட முனையிலதான் கட்டியிருக்கு.”

“எங்க துறையா? கண்ணை மூடிக்கிட்டே போவேனே!”

“முன்னால போங்க. கதவைச் சாத்திட்டு வந்துடறேன்.”

போரின்போது இங்கே தங்கியிருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் குளிருக்கு வீடுகளை எரித்தார்கள், வேலிகளை எரித்தார்கள், கடலுக்குள் நீளும் துறைகளின் பலகைகளையும் பிடுங்கி எரித்தார்கள். அவருடைய துறையில் பாதிக்கு மேல் பலகை கிடையாது. ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். அவர் போருக்கு முன்னாலேயே போய்விட்டவர். நான் தள்ளவில்லை, ஐயா. வாசலில் நின்றேன். அவர் முதலில் என்னைக் கூப்பிட்டார். பிறகு அவளைக் கூப்பிட்டார். ஜனவரித் தண்ணீரில் யாரும் நெடுநேரம் கூப்பிடுவதில்லை. உள்ளே வந்து அவர் குடித்த கோப்பையைக் கழுவி வைத்தேன். மணி அடித்தது. “இன்னைக்கு இல்லம்மா” என்றேன்.

பனி உருகியதும் செம்படவர்கள் உடலைக் கொண்டுவந்தார்கள். முகம் இல்லை. ஊர் பேர் தெரியாதவன் என்று புதைத்தோம். கெதூரா தன் வீட்டு விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினாள்.

“பாவம், யார் வீட்டு மனுஷனோ.”

திரும்பும் வழியில் என் கடை வாசலில் நின்றாள். “ஒபதியாரே, இனிமே நான் வரல. அவரும் இப்படித்தான் எங்கயோ கரை ஒதுங்கியிருப்பாரு. யாராவது ஒருத்தி துணி போர்த்தியிருப்பா. நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் ‘இல்ல, இல்ல’ன்னு சொல்லுவீங்க? வாய் வலிக்காது?”

சொன்னபடியே வரவில்லை. மணி அடிக்கிறது, கதவைப் பார்க்கிறேன், ஒரு கேப்டன் வருகிறார், ஒரு நாய் வருகிறது. அதனால்தான் இங்கே வந்தேன்.

கமாலியேலைக் கொன்றது நான். உங்கள் எழுத்தர் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். தூக்குக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு உதவி, இதை அவளுக்குக் கடிதமாக அனுப்பாதீர்கள், கடிதங்களை நம்ப முடியாது. ஆள் அனுப்பி இங்கே வரச் சொல்லுங்கள். என்னிடம் கேட்க அவளுக்கு நிறைய இருக்கும். தினமும் வந்தாலும் பொறுமையாகப் பதில் சொல்வேன்.