பெட்டி வீட்டுக்கு வர வேணாம்

ஃபாரத்துல கையெழுத்து அப்புறம். முதல்ல தண்ணியக் குடிம்மா. மூச்சு வாங்குது உனக்கு.

என்னது, எம்பத்தஞ்சு தாண்டினா ஓட்டுப் பெட்டி வீட்டுக்கே வருமா? நாலு ஆபீசரு, ஒரு போலீசு, ஒரு கேமரா. எல்லாம் இந்த ஒத்தக் கிழவனுக்கு? என் கல்யாணத்துக்கே அத்தனை பேர் வரல.

வேணாம். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிக்குவேன்.

முழங்காலா? அது பாட்டுக்கு வலிக்கும், நான் பாட்டுக்கு நடப்பேன்.

வயசானவங்க வர்றதில்லன்னு எவன் சொன்னான்? கதவு திறக்கும் முன்னாடியே நாங்கதான் நிப்போம். தூக்கம் வராத கூட்டம். அடுத்து வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க. ஒரு கண்ணு வரிசைல, ஒரு கண்ணு கடிகாரத்துல. சின்னப் பசங்க மூடற நேரத்துக்கு ஓடி வருவாங்க, மை வச்ச விரலப் படம் பிடிக்க. எதிர்த்தாப்பல ஏழு மாடி இருக்கே, அங்கதான் ஒருத்தரும் இறங்க மாட்டாங்க. லீவு விட்டதும் காரெடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. பெட்டிய அங்க தூக்கிட்டுப் போ.

நீ ஓட்டுப் போட்டியா போன தடவ? முழிக்கிறதப் பாரு! ஊருக்கெல்லாம் மை வச்சுட்டு உன் விரல் காலியா? டியூட்டியாம். சரி சரி, அழுதுடாத.

நானா? விடியக்காலைல போவேன், மத்தியானம் போடுவேன். வர்றவங்களையெல்லாம் முன்னாடி விட்டுக்கிட்டே நிப்பேன். பெரியவருக்கு எவ்வளவு நல்ல மனசுன்னு பேசிக்கறாங்க. மனசாவது, மண்ணாங்கட்டியாவது.

என் மகன் வரணும்ல.

கோவிச்சுக்கிட்டுப் போனவன். வீட்ட மாத்தினான், போன் நம்பர மாத்தினான். ஓட்ட மட்டும் இங்கயே விட்டு வச்சிருக்கான். ஒவ்வொரு தேர்தலுக்கும் ரெண்டு பஸ் மாறி வர்றான். ஏன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. பேச்சே கிடையாதுன்னா பாத்துக்கோயேன். போன தடவ உள்ள போயி ஒரு நாற்காலியத் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல வச்சான். வச்சுட்டு எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டான். உக்காந்தேன். வேற என்ன பண்ண.

இப்ப நான் இதுல கையெழுத்துப் போட்டுட்டா, அவன் வந்து நாற்காலிய யாருக்குப் போடுவான்?

பேனாவ மூடும்மா.